படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்

நல்ல புகைப்படங்களையும் ஓவியங்களையும் சேமித்துச் சேமித்தே போனை நிரப்பிவிடுகிறோம். திரும்ப எடுத்துப் பார்ப்பதே இல்லை. அதற்குப் பதிலாக வாரம் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தலைகீழாகத் திருப்பி, கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். முகம், மரம், கடல் எல்லாம் கரைந்து, வெளிச்சமும் இருட்டும் மட்டும் திட்டுத்திட்டாக நிற்கும். அந்தத் திட்டுகளைத் தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள் பென்சிலால் வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை.

தொடங்குவதற்கு, ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1831 வாக்கில் உருவாக்கிய பேரலை அச்சுப்படம் மிகப் பொருத்தமானது. முதலில் அலைதான் கண்ணில் படும். வரையும்போதுதான், அலையின் வளைவுக்கு அடியில் ஃபூஜி மலை சின்னஞ்சிறிதாக, பனி சூடிய இன்னோர் அலை போலவே நிற்பது புரியும். நம் பார்வையை அந்த வளைவே அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அடுத்து, பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-ப்ரெஸ்ஸான் 1932இல் பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றின் பின்புறம் எடுத்த படம். தேங்கிய நீரைத் தாண்டுபவரின் பாய்ச்சல், பின்னால் சுவரொட்டியில் துள்ளும் உருவத்திலும் இருக்கிறது.

வரைந்த தாளின் பின்பக்கம் தேதியையும், கண் முதலில் எங்கே போனது என்பதையும் எழுதிவையுங்கள்.