தேதி போட்ட நோட்டு காப்புரிமை ஆகாது: கண்டுபிடிப்பாளர்கள் செய்யும் தவறுகள்

கண்டுபிடிப்பை நோட்டில் எழுதி, தேதி போட்டு, நோட்டரி முத்திரையும் வாங்கியாகிவிட்டது, இனி கவலையில்லை என்று நினைப்பதுதான் முதல் தவறு. இந்தியாவில் முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. அமெரிக்காவும் 2013 மார்ச் 16 முதல் இந்த முறைக்கு மாறிவிட்டது. குறிப்பை உறையில் போட்டு ஒட்டித் தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பி வைப்பதும் இதே ரகம்தான். தபால் செலவு தண்டம்.

முதலில் கண்டுபிடித்தவருக்கே உரிமை என்றிருந்த காலத்து அமெரிக்காவிலேயே நோட்டு மட்டும் காப்பாற்றவில்லை. அமெரிக்க இயற்பியலாளர் கோர்டன் கூல்ட் 1957 நவம்பரில் லேசர் பற்றிய தன் குறிப்புகளுக்கு நோட்டரி முத்திரை வாங்கினார். இயங்கும் கருவி இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்று தவறாக நினைத்து 1959 ஏப்ரல் வரை தள்ளிப்போட்டார். அதே லேசர் யோசனையில் இறங்கியிருந்த இயற்பியலாளர்கள் டவுன்ஸும் ஷாவ்லோவும் 1958 ஜூலையிலேயே விண்ணப்பித்திருந்தார்கள். கூல்ட் கைக்கு லேசர் தொடர்பான முக்கிய அமெரிக்கக் காப்புரிமை வர 1977 ஆனது.

பிறகு நோட்டு எதற்கு? உங்கள் கண்டுபிடிப்பை வேறொருவர் எடுத்துப்போய் விண்ணப்பித்தால், 1970 காப்புரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் எதிர்ப்புத் தெரிவிக்க அது சாட்சி. அதைவிட முக்கியம், விவரக்குறிப்பு, அதாவது விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணம், எழுத அதுதான் மூலப்பொருள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

தென்னை நார்க்கழிவில் பலகை செய்கிறவர் ஒருவர் "பசை கொஞ்சம் சேர்த்துச் சூட்டில் அழுத்தியதில் நன்றாக ஒட்டியது" என்று எழுதினால் அதனால் பயனில்லை. "நார்க்கழிவு 200 கிராம், ஈரப்பதம் 12%, பசை 60 கிராம், 110 டிகிரியில் 8 நிமிடம், 24 மணி நேரம் நீரில் ஊறியதும் தடிமன் 10 மி.மீ.யிலிருந்து 11.4 மி.மீ." என்றால்தான் இன்னொருவர் அதைப் படித்துச் செய்து பார்க்க முடியும். சட்டம் கேட்பதும் அதைத்தான்.

அந்தப் பசை மரவள்ளி மாவும் புளியங்கொட்டைத் தூளும் சேர்ந்த கலவை என்று வைத்துக்கொள்வோம். வெறும் கலவைக்கு, அதாவது தனித்தனிக் குணங்களின் கூட்டலுக்கு, அதே சட்டத்தின் 3(e) பிரிவின்படி காப்புரிமை கிடையாது. கலந்ததால் கூடுதல் பலன் வந்தது என்று காட்ட மூன்று சோதனைகள் வேண்டும்: மரவள்ளி மாவு மட்டும் 60 கிராம், புளியங்கொட்டைத் தூள் மட்டும் 60 கிராம், இரண்டும் சேர்ந்து 60 கிராம். சூடும் நேரமும் அழுத்தமும் மாறக்கூடாது. பலரும் மூன்றாவதை மட்டும் குறித்துவைத்து, காப்புரிமை அலுவலகத்தின் ஆட்சேபணை வந்தபின் மற்ற இரண்டுக்கும் ஓடுகிறார்கள். தோற்ற சோதனைகளையும் எழுதுங்கள். எந்த அளவைத் தாண்டினால் பலகை வெடிக்கிறது என்பதுதான் கோரிக்கையின், அதாவது நீங்கள் உரிமை கேட்கும் பகுதியின், எல்லையை வரைய உதவும்.

நோட்டு ஸ்பைரல் வேண்டாம், தாளைக் கிழித்தால் தடம் தெரியாது. தைத்த நோட்டு, பக்க எண், பால்பாயிண்ட் பேனா போதும். பிழையை ஒரே கோட்டால் அடித்துச் சுருக்கொப்பம் இடுங்கள், வெள்ளை மை தொடாதீர்கள். மிச்ச இடத்தைக் குறுக்குக்கோடு போட்டு மூடுங்கள். கருவி தரும் வெப்பத்தாள் அச்சு சில வருடங்களில் வெளுத்துவிடும். நகலெடுத்து ஒட்டி, ஓரத்தைத் தாண்டி, பாதி நோட்டிலும் பாதி நகலிலுமாகக் கையெழுத்துப் போடுங்கள்.

சாட்சிக் கையெழுத்தைக் கூட்டாளியிடம் வாங்குவது வீண். விஷயம் புரிந்த, ஆனால் கண்டுபிடிப்பில் பங்கில்லாத ஒருவர் வேண்டும். அவரிடம் முதலில் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள், பிறகு நோட்டைக் காட்டுங்கள். யாரிடம், எந்தத் தேதியில், எந்தப் பக்கம்வரை காட்டினீர்கள் என்பதும் நோட்டில் ஏற வேண்டும். யூடியூபில் செயல்விளக்கம் போட்டுவிட்டு விண்ணப்பிக்க வந்தால் வெளியிட்ட பின்னும் 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம் என்ற 31ஆம் பிரிவின் சலுகை கைகொடுக்காது. அது அரசு அறிவித்த கண்காட்சி, அறிஞர் சங்கத்தில் படித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு மட்டுமே.

நோட்டு நிறையட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். மூன்று சோதனைகளும் முடிந்து கூடுதல் பலன் உறுதியானதும் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்துவிடலாம். முழு விவரக்குறிப்புக்கு அன்றிலிருந்து 12 மாதம். ஆனால் தற்காலிகத்தில் இடம்பெறாத அளவுக்கும் பொருளுக்கும் அந்த முன்தேதி கிடைக்காது. எனவே அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் எழுதிக் கொடுக்காமல், அதுவரையிலான அளவுகள், படங்கள், மாற்று வழிகள் எல்லாவற்றையும் நோட்டிலிருந்து அதில் ஏற்றிவிடுங்கள்.