ஜாலி கபாப்: முட்டை வலை ஏன் விழமாட்டேன் என்கிறது?

டாக்காவின் கல்யாணப் பந்திகளில் பொலாவ், கோழி ரோஸ்ட்டுக்குப் பக்கத்தில் தட்டையாக ஒரு கபாப் வைப்பார்கள். அதன்மேல் முட்டை பொன்னிற நூலாகப் பின்னியிருக்கும். அதுதான் ஜாலி கபாப். வங்க மொழியில் 'ஜாலி' என்றால் வலைப்பின்னல். கம்பியில் கோத்துச் சுடுவதல்ல, எண்ணெயில் பொரிப்பது. வாணலி இருந்தால் போதும் என்பதால் வீட்டிலேயே செய்ய ஆசை வரும். நான் முதல் தடவை செய்தபோது எண்ணெயில் போட்டதெல்லாம் பிரிந்து, உதிர்ந்த கறியைத்தான் அரித்தெடுத்தேன். பல தடவை செய்த பிறகு புரிந்தது: கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான்.

கைமாவைக் கழுவாதீர்கள். கொத்திய கறிக்குள் ஏறிய தண்ணீர் எவ்வளவு பிழிந்தாலும் முழுதாக வெளியே வராது. கறி துண்டாக இருக்கும்போதே கழுவி, வடியவிட்டு, துணியில் ஒற்றிவிட்டு அப்புறம் கொத்துங்கள். கொழுப்பை ஒட்ட நீக்கவும் வேண்டாம், கபாப் வறண்டுபோகும்.

அரைக் கிலோ கைமாவுக்கு 2 துண்டு பிரெட் போதும். பாலில் நனைத்து, சொட்டு வராத அளவுக்குப் பிழிந்து சேருங்கள். வெங்காயத்தைப் பச்சையாக நறுக்கிப் போட்டால் உப்பு பட்டதும் நீர் விடும். வங்கத்தில் பொன்முறுவலாக வறுத்த வெங்காயத்தை 'பெரெஸ்தா' என்பார்கள். அதை நொறுக்கிப் போடுங்கள், நீரும் விடாது, இந்தக் கபாபின் மணமும் அதில்தான் இருக்கிறது. இஞ்சி பூண்டு விழுதைத் தண்ணீர் விடாமல் அரையுங்கள். பச்சைமிளகாய், புதினா, கரம் மசாலா உங்கள் விருப்பம். பப்பாளிக்காய் விழுது கைமாவுக்குத் தேவையே இல்லை, கூடினால் கூழாகிவிடும்.

மேலாகக் கிளறிவிட்டுத் தட்டுவதும் தவறு. உப்பு சேர்த்து 4, 5 நிமிடம் கையால் பிசைந்தால்தான் கறி ஒன்றோடொன்று பிடிக்கும். ஒரு உருண்டையை உள்ளங்கையில் அழுத்தி, கையைக் கவிழ்த்துப் பாருங்கள். விழாமல் ஒட்டியிருந்தால் பதம் சரி. ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கனம் கூடினால் மேலே சிவந்தும் உள்ளே வேகாமலும் இருக்கும். தட்டுவதற்கு முன் ஒரு துளியூண்டு எடுத்துப் பொரித்து உப்பு, காரம் பார்த்துவிடுங்கள்.

இனி வலை. முதலில் ரொட்டித்தூள், அதற்கு மேல் முட்டை. கட்லெட் பழக்கத்தில் வரிசையை மாற்றினால் வலை வரவே வராது. முட்டையை வெள்ளைக்கரு திரியாகத் தொங்காதபடி நன்றாக அடிக்க வேண்டும். இங்கே மட்டும் தண்ணீர் உதவும்: 2 முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி. சூடான எண்ணெயில் அந்த நீர் கொதித்து நுரைக்கும்போதுதான் முட்டையில் ஓட்டை ஓட்டையாக விழும். தோய்த்த கபாபைச் சொட்டச் சொட்ட அப்படியே எண்ணெயில் விடுங்கள். வழிந்த முட்டையை வழித்துவிட்டால் வலைக்கு எதுவும் மிஞ்சாது. உடனே விரல் நுனியில் முட்டையைத் தொட்டு, அரை அடி உயரத்திலிருந்து மேலே தெளியுங்கள். சொட்டுகள் நூலாக விரிந்து ஓரங்களில் பின்னுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

எண்ணெய், கபாபின் பாதி உயரத்துக்காவது இருக்க வேண்டும். தோசைக்கல்லில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் ஆம்லெட் ஒட்டிய கபாப்தான் கிடைக்கும். ஒரு சொட்டு முட்டை விட்டதும் பொங்கி மேலே வந்தால் சூடு சரி. ஆறிய எண்ணெயில் முட்டை அடியில் தங்கிவிடும். ஒரு தடவைக்கு மூன்று, நான்குக்கு மேல் வேண்டாம். வலை இறுகும்வரை கரண்டி போடாதீர்கள். அப்புறம் தீயைக் குறைத்து, உள்ளே சிவப்பு தெரியாத அளவுக்கு வேகவிடுங்கள்.

பொரித்ததை அடுக்கி மூடினால் ஆவி இறங்கி வலை நமத்துப்போகும். கம்பித்தட்டில் பரப்பி வையுங்கள். விருந்துக்கு முன்கூட்டியே செய்வதானால், தட்டியதை ரொட்டித்தூளோடு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, எண்ணெய் காய்ந்த பிறகு முட்டையில் தோயுங்கள்.