தானேவுக்குப் பிறகு போட்ட அடிபம்பு

2011 டிசம்பர் 30 காலை, தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. இருட்டை மெழுகுவத்தியோடு சமாளித்தோம், தண்ணீருக்குத்தான் வழியில்லை. கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது, மாடித் தொட்டி இரண்டே நாளில் காலி. அம்மா குடத்தோடு தெருத்தெருவாக அலைந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் கொல்லையில் அடிபம்பு இறக்கினோம். மேலிருந்து உறிஞ்சும் இந்த வகைக்கு நீர்மட்டம் சுமார் 25 அடிக்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு 15 அடியிலேயே தண்ணீர். உள்ளேயிருக்கும் தோல் வாஷர் காய்ந்துபோனால் வெறும் காற்றுதான் வரும். அதனால் வாரம் ஒருமுறை அடித்துவிடுவேன். மேலே ஊற்றி அடிக்க, பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பக்கத்து வீட்டாரும் இதில்தான் பிடித்தார்கள். மழைவெள்ளம் கலந்திருக்குமே என்று, குடிக்கிற தண்ணீரை மட்டும் நன்றாகக் கொதிக்கவைத்தோம்.