கடற்கரையில் கிடைத்த முள்ளெலும்பு யாருடையது? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

கடல் ஊர்வனவற்றின் புதைபடிவம் என்றதும் பலர் மனதில் வருவது அருங்காட்சியகத்தில் கிடக்கும் முழு எலும்புக்கூடு. ஆனால் தேடிப் போகிறவர் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றை முள்ளெலும்புதான், அதாவது முதுகுத்தண்டின் ஒரு துண்டு. அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எந்த விலங்கு, உடலில் எந்தப் பகுதி, எப்படிப்பட்ட கடலடியில் புதைந்தது என்பதுவரை அந்த ஒரு துண்டிலிருந்தே நிறையச் சொல்ல முடியும். உதாரணத்துக்கு இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள லைம் ரீஜிஸ், சார்மௌத் பகுதியை எடுத்துக்கொள்கிறேன். புதைபடிவங்களைத் தேடிச் சேகரித்துப் புகழ்பெற்ற மேரி ஆனிங் (1799–1847) தேடிய கரை அது, இன்றும் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் புதிதாக ஏதாவது வெளியே வந்துகொண்டே இருக்கிறது.

படி 1: நேரம்

கடல் வற்றத் தொடங்கும்போது இறங்குங்கள், ஏறத் தொடங்குமுன் திரும்பிவிடுங்கள். அந்தக் கரையில் தண்ணீர் பாறைச் சுவர்வரை ஏறி வழியை அடைத்துவிடும். பாறைச் சுவருக்கு அடியில் நிற்க வேண்டாம், சுத்தியலால் அதைக் குடையவும் வேண்டாம். சரிந்து விழுந்த மண்ணை அலை கழுவிவிட்ட சரளைக் கற்களுக்குள் தேடினாலே போதும்.

படி 2: எலும்பைத் தேடுமுன் பாறையைப் படியுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவிர்க்கும் படி இது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது.

முதலில் பாறையின் வயது. லைம் ரீஜிஸ், சார்மௌத் பாறைகள் ஏறத்தாழ 19 முதல் 20 கோடி ஆண்டு பழையவை, தொடக்க ஜுராசிக் காலம். அங்கே இக்தியோசாரும் (மீன் வடிவக் கடல் ஊர்வன) பிளீசியோசாரும் (நான்கு துடுப்புக் கால் கொண்ட கடல் ஊர்வன) கிடைக்கும், மோசசார் (பல்லி இனத்துக்கு நெருக்கமான கடல் ஊர்வன) கிடைக்கவே கிடைக்காது, ஏனென்றால் மோசசார்கள் ஜுராசிக்குக்கு அடுத்து வந்த கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில்தான் வந்தன. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் சுண்ணப்பாறையில் கதை தலைகீழ்: அங்கே மோசசார் உண்டு, இக்தியோசார் இல்லை, அவை அதற்கு ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகள் முன்பே அழிந்துவிட்டன. ஆக, வயது தெரிந்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

அப்புறம் பாறையின் நிறமும் துகளும். கருமையான, மெல்லிய ஏடுகளாகப் பிரியும் களிப்பாறை என்றால் கடலடியில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருந்தது என்று பொருள். பிணத்தைக் கலைக்கிற உயிர்கள் அங்கே அதிகம் வாழ முடியாது, அதனால் எலும்புகள் வரிசை குலையாமல் கிடக்க வாய்ப்பு அதிகம். கூடவே அம்மோனைட் (சுருள் ஓடு), பெலம்னைட் (தோட்டா வடிவக் கல்) போன்ற, கணவாய்க்கு உறவான பழங்காலக் கடல் உயிர்களின் படிவங்கள் இருந்தால் அது நிச்சயம் கடல் படிவம். மாறாக, கூழாங்கல்லும் மணலும் கலந்து, எலும்புகள் முனை மழுங்கி உருண்டு கிடந்தால், அலையும் நீரோட்டமும் புரட்டிப்போட்ட ஆழமற்ற கடல். இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றுக் கழிமுகத்தில் உள்ள ஆஸ்ட் என்ற இடத்துப் பாறைச் சுவரின் எலும்பு அடுக்கு அப்படிப்பட்டதுதான், அதில் மீன் பற்களும் ஊர்வன எலும்புகளும் கலந்துகட்டி இருக்கும்.

நிலத்து விலங்கும் கடல் படிவத்தில் வரலாம் என்பதையும் மறக்காதீர்கள். சார்மௌத்தில் கிடைத்த ஸ்கெலிடோசாரஸ் கவச உடல் கொண்ட ஒரு தரை டைனோசார், அதன் உடல் கடலுக்கு அடித்துவரப்பட்டு அங்கே புதைந்தது.

படி 3: எலும்பா, கல்லா?

உடைந்த முகத்தை 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸில் பாருங்கள். எலும்பு என்றால் வெளியே நெருக்கமான ஓர் அடுக்கும் உள்ளே நுண்துளைகள் நிறைந்த பஞ்சு போன்ற அமைப்பும் தெரியும். புதைபடிவ மரமும் கறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் அதில் ஒரே திசையில் ஓடும் இழைகள் தெரியும்.

படி 4: முள்ளெலும்பை அடையாளம் காணுதல்

இக்தியோசாரின் முள்ளெலும்பு தடித்த கேரம் காய் மாதிரி வட்டமாக, அகலம் அதிகமாகவும் நீளம் குறைவாகவும் இருக்கும், இரண்டு முகங்களும் நன்றாகக் குழிந்திருக்கும். ஒரே விலங்கின் உடலில் நூற்றுக்கும் மேல் இருப்பதால் இதுதான் அடிக்கடி கிடைக்கும். அதன் மேல்பக்கத்தில் தண்டுவடம் ஓடிய பள்ளம் தெரியும். பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள்: விலா எலும்பு பொருந்திய சிறு மேடுகள் பக்கத்துக்கு இரண்டு இருந்தால் அது உடற்பகுதி, ஒன்றே ஒன்று இருந்தால் வால் பகுதி. மீன் முள்ளெலும்பிலும் இரண்டு பக்கமும் குழி உண்டு, எனவே குழியை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் இந்த மேடுகளையும் தேடுங்கள்.

பிளீசியோசாரின் முள்ளெலும்பு இதைவிடத் திரட்சியானது. முகங்கள் தட்டையாகவோ லேசாகக் குழிந்தோ இருக்கும். அடிப்பக்கத்தைத் திருப்புங்கள், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் பெரும்பாலும் சந்தேகமே வேண்டாம், அவை இரத்தக்குழாய் போன வழிகள். மோசசார் இன்னும் எளிது: ஒரு முகம் குழி, மறுமுகம் அடுத்த எலும்பின் குழியில் பொருந்தும் உருண்டை மேடு.

படி 5: கூடக் கிடைப்பவை

பளபளக்கும் மீன் செதில்கள் பதிந்த, நீள்வட்டமான கரும்பழுப்புக் கட்டிகளைத் தூக்கிப் போடாதீர்கள். அவை புதைபடிவமான சாணம். இக்தியோசார்களின் வயிற்றுப் பகுதியிலேயே இவை கிடப்பதை மேரி ஆனிங் கவனித்தார், 1829இல் நிலவியலாளர் வில்லியம் பக்லாண்ட் அவற்றுக்குக் கோப்ரோலைட் என்று பெயர் வைத்தார். அந்த விலங்கு என்ன தின்றது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

படி 6: எடுக்குமுன் பதிவு

அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள், இடம், தேதி, எந்த அடுக்கின் அருகே கிடந்தது என்று குறியுங்கள். வரிசையாக இரண்டு மூன்று முள்ளெலும்புகள் பாறைக்குள் போவது தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள், மீதி உடல் உள்ளே இருக்கலாம். 1811இல் ஜோசப் ஆனிங் ஓர் இக்தியோசாரின் மண்டையோட்டைக் கண்டார், உடலின் மற்ற பகுதியை அவர் தங்கை மேரி மறு ஆண்டுதான் கண்டெடுத்தார். அந்தக் கரையில் இப்போது சேகரிப்புக்கென்று நெறிமுறை இருக்கிறது, அறிவியல் முக்கியத்துவம் உள்ளதைச் சார்மௌத் கடற்கரை மையத்தில் பதிவு செய்ய வேண்டும். வேறு ஊர் என்றால் அங்குள்ள சட்டத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், சில நாடுகளில் ஒரு துண்டு எலும்பை எடுக்கவும் அனுமதி வேண்டும்.

படி 7: வீட்டில்

உப்பு போக நல்ல தண்ணீரில் சில நாட்கள் ஊறவிட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு நிழலில் மெதுவாக உலர்த்துங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும். பொன்னிறத்தில் மின்னும் பைரைட் என்ற கனிமம் இருக்கும் துண்டுகளுக்கு மட்டும் இந்த முறை வேண்டாம்: சுருக்கமாகக் கழுவி, முழுவதும் உலரவைத்து, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரமும் காற்றும் பட்டால் பைரைட் சிதைந்து அமிலத்தை உண்டாக்கி எலும்பையே பொடியாக்கிவிடும். விவரச் சீட்டைத் தனியாக வைக்காமல் அதே டப்பாவுக்குள் போட்டு, அதே எண்ணை டப்பாவின் மேலும் எழுதிவிடுங்கள்.