மரநிழல் பாதையில் கேமராவோடு

பூங்காவுக்கோ மலைப்பாதைக்கோ கேமராவோடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நல்ல வெயில் நாளாகப் பார்க்கிறார்கள். அடர்ந்த மரங்களுக்குள் நடப்பதென்றால் மேகமூட்டமான நாள்தான் மேல். உச்சி வெயிலில் இலை இடுக்கு வழியே விழும் ஒளித்திட்டுகள் வெளுத்துப்போகும், நிழலோ கறுத்துவிடும். இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்கக் கேமரா திணறும். மேகம் அந்த ஒளியைச் சலித்துத் தரும்.

மழை விட்ட கையோடு போனால் இன்னும் அருமை! போலரைசர் ஃபில்டரை லென்ஸில் மாட்டி மெல்லத் திருப்பிப் பாருங்கள்: ஈர இலைகளின் மினுமினுப்பு அடங்கி, உள்ளிருக்கும் பச்சை எழுந்து வரும். எடிட்டிங்கில் இதை அப்படியே கொண்டுவருவது கடினம். ஆனால் இந்த ஃபில்டர் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). அப்போது ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்கும், கை ஆட்டமும் படத்தில் பதியும். அதனால் கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 800, 1600 என்று தயங்காமல் ஏற்றுங்கள். படம் கொஞ்சம் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் பரவாயில்லை. கை ஆடி மங்கிய படத்தைத்தான் மீட்க முடியாது.

பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/1000 நொடியோ அதற்கும் குறைவாகவோ இருக்க வேண்டும். கூடு கண்ணில் பட்டால் ஃபிளாஷ் வேண்டாம், நெருங்கவும் வேண்டாம். தாய்ப்பறவை மிரண்டு கூட்டை விட்டே போய்விடக்கூடும்.