பிவிசி குழாயில் கோல விளக்கு

பினாங்கில் தீபாவளி பெரும்பாலும் மழைநாட்களில் வருவதால், வாசலில் தொங்கும் காகித அலங்காரங்கள் விரைவில் நனைந்து தொய்ந்துவிடுகின்றன. அதற்கு மாற்றாக, ஹார்ட்வேர் கடையில் நான்கு அங்குலப் பிவிசி குழாயை 30 சென்டிமீட்டர் நீளத்திற்கு அறுத்து வாங்கி, நனைந்தாலும் கெடாத விளக்குக் கூடு செய்யலாம். புள்ளிக் கோலம் ஒன்றைத் தாளில் வரைந்து குழாயைச் சுற்றி ஒட்டி, புள்ளிகளில் 5 மில்லிமீட்டர் டிரில் பிட்டாலும் கோடுகளின்மீது 3 மில்லிமீட்டர் பிட்டாலும் மெதுவாகத் துளையிடுங்கள்; வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகித் துளையின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். கோலத்தின் அழகு துளைகளின் சீரான இடைவெளியில்தான் இருக்கிறது என்பதால், இதற்கு ஒரு மாலைப்பொழுதை முழுமையாக ஒதுக்குவது நல்லது. முகக்கவசம் அவசியம். பின்னர் உப்புத்தாளால் தேய்த்து வண்ணம் பூசுங்கள். பிவிசி சுமார் 80 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கும் ஆகையால், உள்ளே பேட்டரியில் எரியும் எல்இடி விளக்கை மட்டுமே வையுங்கள். அகல் விளக்கை வாசற்படியில் தனியாக ஏற்றிக்கொள்ளலாம்.