பணியிடத்தில் தீ அபாயத்தை மதிப்பிடுவது எப்படி?

கடையோ, அலுவலகமோ, பட்டறையோ, தீ அபாயத்தை மதிப்பிட விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேட்டுடன், வேலை மும்முரமாக நடக்கும்போது ஒரு முறையும் எல்லோரும் சென்ற பிறகு ஒரு முறையும் கட்டடம் முழுவதையும் சுற்றி வாருங்கள்.

படி 1: தீ பிடிக்கக்கூடிய இடங்கள்

வெப்பமும் எரிபொருளும் காற்றும் ஒன்றுசேர்ந்தால்தான் தீ மூளும். காற்று எங்கும் இருப்பதால், மற்ற இரண்டும் எங்கே நெருங்குகின்றன என்பதைத் தேடுங்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டில் இன்னொன்றைச் செருகியிருப்பது, மெயின் போர்டுக்கு அடியில் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருப்பது, வெல்டிங் நடக்குமிடத்தின் அருகே தின்னர் டப்பாவை வைத்திருப்பது போன்றவை உடனே குறிக்க வேண்டியவை.

படி 2: யாருக்கு ஆபத்து

கட்டடம் பழகாத வாடிக்கையாளர், படியிறங்க முடியாதவர், மணியோசை கேளாதவர், இரவில் தனியாக இருக்கும் காவலர் ஆகியோரைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: வெளியேறும் வழி

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. நியூயார்க்கில் 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் மூண்ட தீயில் 146 பேர் இறந்தார்கள். ஒன்பதாம் தளத்தில் இருந்தவர்களுக்குத் தப்பும் வழியாக இருந்திருக்க வேண்டிய கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. திருட்டைத் தடுக்கப் போடும் பூட்டு எத்தனை உயிர்களைப் பறிக்கும் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. ஒவ்வொரு அவசரக் கதவையும் உங்கள் கையாலேயே திறந்து பாருங்கள். சாவி தேடாமல், உள்ளிருந்து ஒரே தள்ளலில் அது திறக்க வேண்டும். படிக்கட்டில் சரக்கு இருக்கக் கூடாது. புகையைத் தடுக்கும் கதவுக்கு முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கவும் கூடாது, ஏனெனில் பலரைத் தீ நெருங்குவதற்கு முன்பே புகை மயக்கிவிடுகிறது.

படி 4: அபாயத்தைக் குறைத்தல்

முதலில் அபாயத்தையே அகற்றப் பாருங்கள். தீயணைப்பான் அதற்குப் பிறகுதான். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றினால் ஷாக் அடிக்கக்கூடும் என்பதால், அங்கே கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை வையுங்கள். எரியும் எண்ணெயில் ஊற்றிய தண்ணீரோ அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, எண்ணெயை நாலாபுறமும் சிதறடிக்கும். அழுத்தமானி உள்ள தீயணைப்பானில் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதந்தோறும் பாருங்கள்.

படி 5: பதிவும் ஒத்திகையும்

கண்ட குறை, சரிசெய்ய வேண்டியவர், முடிக்க வேண்டிய நாள் ஆகிய மூன்றையும் எழுதிவையுங்கள். இயந்திரமோ இட அமைப்போ மாறினால் மீண்டும் மதிப்பிடுங்கள். ஒத்திகையின்போது, எல்லோரும் வழக்கமாகப் பயன்படுத்தும் வாசலை முன்னறிவிப்பின்றி அடைத்துவிட்டு, மாற்று வழி எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.